இருபாலீர்ப்புள்ள தமிழ்ப் பெண் கதைக்க வரும்போது

“அக்கா, நீங்கள் எந்த ஊர்?”

கனடாவின் ஸ்காபரோவில் என்னிடம் உளவளத்துணைக்கு வரும் தமிழ்ப் பெண்கள் முதல் தொலைபேசி அழைப்பிலேயே பெரும்பாலும் இதைக் கேட்டுவிடுவார்கள். கட்டணம் எவ்வளவு, எத்தனை மணிக்கு வரலாம் என்பதெல்லாம் பிறகுதான். ஊரைச் சொன்னால் பள்ளிக்கூடம் தெரிந்துவிடும். பள்ளிக்கூடம் தெரிந்தால் சொந்தபந்தம் தெரிந்துவிடும், சாதியும் தெரிந்துவிடும். அந்தக் கேள்விக்குள் இருப்பது ஒரே பயம்தான்: நான் சொல்வது அம்மாவின் காதுக்குப் போய்ச் சேருமா?

ஆண்களிலும் பெண்களிலும் விருப்பம் வரக்கூடிய பெண்ணுக்கு இந்தப் பயம் இன்னும் கனமானது. கனடாவில் தமிழர் சிறுபான்மை. அந்தச் சிறுபான்மைக்குள் இவர் இன்னொரு சிறுபான்மை. பால்புதுமையினர், அதாவது ஈர்ப்பிலோ பால் அடையாளத்திலோ வழக்கமான வரையறைக்கு வெளியே நிற்பவர்கள், கூடும் இடங்களுக்குப் போனால் அங்கேயும் தனியாள். இப்படி ஒருவர் கதவைத் தட்டும்போது என்ன செய்வது என்பதை எங்கள் தொண்டர்களுக்கும் இந்த வேலைக்குப் புதிதாக வரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் எழுதுகிறேன். இதில் வருகிற ஒவ்வொரு ஆளும் பல பேரைக் கலந்து, அடையாளம் மாற்றி எழுதப்பட்டவர். எங்கள் சமூகத்தில் “ஒரு பிள்ளை, பல் வைத்தியம் படிச்சவள், தமையன் மார்க்கம் நகரத்தில இருக்கிறான்” என்று சொன்னாலே போதும், ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் கணவனிடமோ உற்ற சிநேகிதியிடமோ பெயர் சொல்லாமல்கூட எந்தக் கதையையும் கதைக்காதீர்கள். உங்கள் மேற்பார்வையாளரிடம் மட்டும் கதையுங்கள்.

முதல் அழைப்பு

ஊரைக் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். மழுப்பினால் சந்தேகம் கூடும். நான் என் ஊரைச் சொல்லிவிட்டு, “உங்கட ஊர் எனக்குத் தேவையில்லை, சொல்லாமலே கதைக்கலாம்” என்பேன்.

இரகசியம் காப்போம் என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். அந்த வாக்கியத்தை எங்கள் சனம் எத்தனையோ தரம் கேட்டு ஏமாந்திருக்கிறது. ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். “என்ர மனுசனுக்குச் சொல்ல மாட்டன். உங்கட குடும்ப வைத்தியருக்கு நீங்கள் கேட்டால் ஒழியச் சொல்ல மாட்டன். கோயிலில உங்கட அம்மாவைக் கண்டாலும் உங்களைத் தெரிஞ்ச மாதிரிக் காட்ட மாட்டன்.” விதிவிலக்குகளையும் அப்போதே சொல்லுங்கள்: அவருக்கோ இன்னொருவருக்கோ உயிராபத்து இருந்தால், 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை துன்புறுத்தப்படுவதாகத் தெரிந்தால், நீதிமன்றம் கட்டளையிட்டால். ஒன்ராறியோவில் சிகிச்சைக்குச் சம்மதிக்கக் குறைந்தபட்ச வயது என்று சட்டத்தில் இல்லை, விளங்கிக்கொள்ளும் ஆற்றல்தான் கணக்கு. 17 வயதுப் பிள்ளை வந்தால், அப்பா கையெழுத்து வைக்கத் தேவையில்லை என்பதே அவளுக்குப் பெரிய ஆறுதல்.

வெளியில் கண்டால் என்ன செய்வது என்பதும் முதல் நாளே முடிவாகவேண்டும். கலியாணவீடு, சாமத்தியவீடு, பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல் என்று எங்காவது நாங்கள் சந்திக்கத்தான் போகிறோம். என் வழக்கம்: நான் முதலில் சிரிக்க மாட்டேன், அவர் சிரித்தால் சிரிப்பேன். யாராவது கேட்டால் எங்கே பழக்கம் என்று சொல்வது என்பதையும் அவரே தீர்மானிக்கட்டும்.

அடுத்தது காசு. ஓஹிப் என்ற ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதி என்னைப் போன்ற தனியார் உளச்சிகிச்சையாளருக்குப் பணம் கட்டாது. அதனால் பலர் அப்பாவின் அல்லது கணவரின் வேலையிடக் காப்புறுதியைப் பாவிக்க நினைப்பார்கள். அப்படிக் கோரினால் என் பெயர், திகதி, தொகை எல்லாம் உள்ள விபரம் அந்தக் காப்புறுதிக்கு உரிய ஆளின் கணக்கில் தெரியக்கூடும். ஒரு பிள்ளையின் வீட்டில் இந்தக் கடதாசியால்தான் கதை வெடித்தது. அவள் என்ன கதைத்தாள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால், “நீ ஏன் விசர் டொக்டரிட்டப் போறாய்?” என்று தொடங்கி, அவளுடைய கைத்தொலைபேசியைப் பறிப்பதில் போய் முடிந்தது. முதல் பற்றுச்சீட்டு எழுதுவதற்கு முன் கேளுங்கள். பல்கலைக்கழக மாணவியாக இருந்தால் மாணவர் காப்புறுதி இருக்கலாம். வேலை செய்பவராக இருந்தால் தன்னுடைய சொந்தக் காப்புறுதி. ஒன்றும் இல்லையென்றால் வருமானத்துக்கு ஏற்பக் கட்டணத்தைக் குறைக்கும் இடத்தைத் தேடிக் கொடுங்கள்.

நினைவூட்டல் குறுஞ்செய்தி குடும்பம் முழுக்கப் பார்க்கும் ஐபாடில் விழுமா? குரல் செய்தி விடலாமா? காணொளியில் கதைப்பதென்றால் எங்கே இருந்து? நிலக்கீழ் அறையில் இருந்து கதைத்தால் சூட்டுக்காற்றுக் குழாய் வழியாக மேலே குசினி வரை சத்தம் போகும். இதை நான் அனுபவத்தில்தான் படித்தேன். என்னிடம் வருபவர்களில் கணிசமானோர் ஸ்காபரோ ரவுன் சென்ரர் வாகனத் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்து கதைக்கிறார்கள். யாராவது கிட்ட வந்தால் சொல்ல ஒரு வசனத்தை முன்கூட்டியே பேசி வைத்திருப்போம்: “அந்த ரிப்போர்ட்டை நாளைக்கு அனுப்பிறன்.” அதைக் கேட்டதும் நான் அலுவலக ஆளாகி, “சரி, நன்றி” என்று வைத்துவிடுவேன்.

மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால் உறவினரை ஒருபோதும் இருத்தாதீர்கள். இன்னொரு நகரத்தில் இருப்பவரைத் தொலைபேசியில் எடுங்கள், பெண்ணின் பெயரைச் சொல்லாதீர்கள்.

எந்தச் சொல்லால் கதைப்பது

எங்கள் வீடுகளில் இதற்கு இருக்கும் சொற்கள் வசைச் சொற்கள். ஆகவே பிள்ளைகள் ஆங்கிலத்தில் கதைப்பார்கள். ஆங்கிலம் பாதுகாப்பானது, ஏனென்றால் அது அம்மா திட்டாத மொழி. ஒரு பிள்ளை மூன்று அமர்வு முழுக்க பைசெக்சுவல் என்ற சொல்லை வைத்துக்கொண்டு, யாரோ மூன்றாம் ஆளைப் பற்றிச் சொல்வதுபோலத் தெளிவாகக் கதைத்தாள். நாலாவது அமர்வில், “எனக்கு அவளில விருப்பம் அக்கா” என்று தமிழில் சொன்னாள். சொல்லி முடிக்க முன்னமே அழத் தொடங்கிவிட்டாள்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று விளங்கியது. “அவைக்கு விருப்பமாம்” என்றால் காதல் என்று யாழ்ப்பாணத்தில் எல்லாருக்கும் தெரியும். அந்தச் சொல்லுக்கு ஆண் பெண் கிடையாது. “ஆரிலயாவது விருப்பம் இருக்கோ?” என்று கேட்டால், பெண்ணாகவும் இருக்கலாம் என்ற இடத்தைக் கேள்வியே விட்டுவைக்கிறது. “போய் ஃப்ரெண்ட் இருக்கிறாரா?” என்று கேட்டால் அந்த இடம் மூடிவிடும். எங்கள் படிவங்களிலும் பேச்சிலும் இந்த ஒரு மாற்றத்தைச் செய்தாலே பாதி வேலை முடியும்.

நல்ல தமிழ்ச்சொல் கேட்பவர்களுக்கு இருபாலீர்ப்பு என்ற சொல்லைச் சொல்லுங்கள். பால்புதுமையினர் பற்றி மதிப்போடு எழுதுவதற்கான சொற்பட்டியல் ஒன்றை, சென்னை உயர்நீதிமன்றத்தின் வழக்கு ஒன்றைத் தொடர்ந்து, தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்டது. அந்த வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கு இது விளங்கவில்லை என்று சொல்லி, தானே ஓர் உளவியலாளரிடம் போய்க் கதைத்துவிட்டு 2021 ஜூனில் தீர்ப்பு எழுதினார். தகப்பன்மாரிடம் கதைக்க நேரும்போது இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒரு நீதிபதியே படிக்கப் போனார் என்பது அவர்களைக் கொஞ்சம் யோசிக்க வைக்கும். பெயரே வைக்க விரும்பாத பெண்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நீங்கள் பெயர் வைக்காதீர்கள்.

“அப்ப ஆம்பிளையைக் கட்டலாம்தானே?”

இருபாலீர்ப்புள்ள பெண் கேட்கும் வசனங்களில் மிக மோசமானது இதுதான். பெண்களில் மட்டும் விருப்பமுள்ள மகளின் தாய், ஒருநாள், “என்ன செய்யிறது, அவளுக்கு ஏலாது” என்றாவது வந்து சேரலாம். இவளுடைய தாய்க்கு அது வராது. மகளுக்கு ஆண்களிலும் விருப்பம் வரும் என்றால், பெண்ணைத் தேர்ந்தது வேண்டுமென்றே செய்த பிழையாகத் தெரியும். மறுபக்கத்தில், பெண்களை மட்டும் நேசிக்கும் சிநேகிதிகளும், “கடைசியில நீ ஆம்பிளையைக் கட்டிக்கொண்டு போயிடுவாய்” என்பார்கள். இரண்டு பக்கமும் அவளிடம் கேட்பது ஒன்றுதான்: ஒரு பக்கத்தைத் தெரிவு செய்.

அதே கேள்வியை நாங்களும் கேட்டுவிடக்கூடாது. நான் கேட்டிருக்கிறேன். தொடக்க காலத்தில் ஒரு பெண்ணிடம், “இப்ப கலியாணம் பேசி முடிஞ்சுது, அப்ப அந்தப் பிரச்சினை தீர்ந்துதோ?” என்று கேட்டேன். அவர் தலையாட்டினார். பிறகு வரவேயில்லை. ஆணைக் கட்டினால் இருபாலீர்ப்பு போய்விடாது, பெண்ணோடு வாழ்ந்தாலும் போய்விடாது.

இந்தத் தனிமையை எண்களிலும் காணலாம். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2013இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், தங்களுக்கு முக்கியமானவர்கள் எல்லாருக்கும் அல்லது பெரும்பாலானோருக்கும் தங்கள் ஈர்ப்பைப் பற்றித் தெரியும் என்று சொன்ன இருபாலீர்ப்பாளர் 28 வீதம். பெண்களை மட்டும் நேசிக்கும் பெண்களில் அது 71 வீதம். அந்தக் கணக்கில் எங்கள் பிள்ளைகளைத் தனியாகப் பார்க்கவில்லை, ஆனால் என் அறைக்குள் வருபவர்களை வைத்துப் பார்த்தால் 28 எனக்கு உயர்ந்த எண்ணாகத்தான் படுகிறது.

விருப்பம், நடப்பு, பெயர் ஆகிய மூன்றையும் பிரித்துப் பார்க்க உதவுங்கள். யாரில் மனம் போகிறது என்பது ஒன்று. வாழ்க்கையில் என்ன செய்கிறார் என்பது வேறு. தன்னை என்ன பெயரால் அழைக்கிறார் என்பது இன்னொன்று. ஃப்ரிட்ஸ் கிளைன் என்ற மனநல மருத்துவர் 1978இல் இதையே ஏழு கேள்விகளாக்கி, நேற்று, இன்று, விரும்பும் நாளை என்று மூன்று காலத்துக்கும் கேட்கும் கட்டமொன்றைக் கொடுத்தார். நான் அதைத் தாளில் நிரப்பச் சொல்வதில்லை. தாள் கைப்பைக்குள் போகும், கைப்பையை அம்மா திறப்பார். ஒரு பழைய தையல் டப்பாவில் இருந்த பொத்தான்களை மேசையில் வைத்து, ஒவ்வொரு கேள்விக்கும் நகர்த்தச் சொல்வேன். பார்த்து முடிந்ததும் அவரே கலைத்து டப்பாவில் போடுவார். காணொளியில் என்றால் அவர் வீட்டுப் பருப்பு மணியே போதும்.

பொத்தான்களை நகர்த்திக்கொண்டே, இருபது வருடம் குடும்பம் நடத்திய ஒருவர் சொன்னார்: “என்ர மனுசனில எனக்கு அன்பு இருக்கு. அது பொய்யில்லை. பள்ளிக்கூடத்தில அவளில இருந்ததும் பொய்யில்லை.” விவாகரத்து வேண்டாம், யாரையும் தேடவும் வேண்டாம். ஐம்பது வயதுக்குள் ஒரு ஆளிடமாவது இதைச் சொல்லவேண்டும் என்பதற்காக வந்தவர். ஆறு அமர்வில் முடிந்தது. நான் ஒன்றுமே தீர்த்து வைக்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீடு

நான் செய்த இரண்டாவது பிழை இதைவிடப் பெரியது. பயிற்சியில், வெளிப்படையாகச் சொல்வதே விடுதலை என்று படித்துவிட்டு வந்தவள் நான். ஒரு பல்கலைக்கழகப் பிள்ளையை அம்மாவிடம் சொல்லும்படி மெதுவாகத் தள்ளினேன். சொன்னாள். அந்தக் கிழமையே படிப்புக் காசு நின்றது, வீட்டுத் திறப்பு திருப்பி வாங்கப்பட்டது. தங்க இடம் இருக்கிறதா, வங்கிக் கணக்கு யார் பெயரில், கடவுச்சீட்டு யார் கையில் என்ற மூன்று கேள்வியையும் நான் முன்னமே கேட்டிருக்கவில்லை. இப்போது யாராவது, “சொல்லப்போறன்” என்றால் முதலில் அந்த மூன்றையும்தான் கேட்பேன். சொல்வது இலக்கு அல்ல. சொல்லாமல் நிம்மதியாக வாழ்பவர்கள் உண்டு, தங்கச்சியிடம் மட்டும் சொன்னவர்கள் உண்டு. யாருக்குத் தெரியும், யார் ஊகித்திருப்பார்கள், யாருக்குத் தெரியவே கூடாது என்று அவரோடு இருந்து பாருங்கள்.

பெற்றோரை எதிரியாக்காதீர்கள். 1983க்குப் பிறகு வந்தவர்கள், ஆமிக்கும் ஷெல்லுக்கும் தப்பி வந்தவர்கள், தம்பியைப் பறிகொடுத்துவிட்டு இங்கே இரண்டு வேலை செய்து வீடு வாங்கியவர்கள். “உங்களுக்காகத்தான் வந்தனாங்கள்” என்று அவர்கள் சொல்வது வெறும் மிரட்டல் இல்லை. மகளும் அதை நம்புகிறாள். “உன் வாழ்க்கை உன்னுடையது” என்று நாங்கள் சொன்னால், வீட்டில் ஒருவருமே பேசாத மொழியில் பேசுகிறோம் என்றுதான் அவளுக்குப் படும். நான் கேட்பது, “அம்மாவுக்கு நீங்கள் குடுக்க வேண்டியது என்ன? குடுக்க ஏலாதது என்ன?” அதற்குப் பதில் தேடவே பல மாதம் எடுக்கும்.

சில தாய்மார் தெரிந்தும் கேட்பதில்லை. ஒரு பிள்ளையின் அம்மா ஒவ்வொரு ஞாயிறும் இடியப்பமும் சொதியும் இரண்டு பெட்டியில் கட்டிக் கொடுப்பார். இரண்டாவது பெட்டி மகளின் “சிநேகிதி”க்கு. அந்தப் பெட்டியைத் திறந்துவைத்து அம்மாவிடம் விளக்கம் கேட்கவேண்டும் என்று எந்தப் புத்தகம் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கலியாணப் பேச்சு வந்தால், “எனக்கு இப்ப வேண்டாம்” என்பதை என்னோடு சொல்லிப் பழகுவார்கள். நான் மாமியாகவும் பெரியம்மாவாகவும் நடிப்பேன். குறிப்புப் பார்க்க நாள் சரியில்லை, படிப்பு முடியவில்லை என்ற சாட்டுகளையும் நான் தடுப்பதில்லை. நேரம் வாங்குவதும் ஒரு வழிதான்.

கோயில், சேர்ச், சாத்திரி. “செபம் பண்ணினால் மாறும்” என்று கூட்டிப்போவார்கள். கனடாவில் 2022 ஜனவரி 7 முதல், ஒருவரின் ஈர்ப்பை மாற்றுவதற்கான சிகிச்சை என்று எதற்காவது அவரை உட்படுத்துவது குற்றம், ஐந்து வருடம் வரை சிறை. அதற்காக 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதும் குற்றம். ஊருக்குத் திடீரென்று பயணம் போட்டால் கவனியுங்கள். இலங்கையில் ஒரே பாலினத்தவர் உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஏ பிரிவு 1995 திருத்தத்தோடு பெண்களையும் உள்ளடக்கியது. அங்கே போனபின் அவளுக்கு உதவுவது இன்னும் கடினம். பயணத்துக்கு முன்பே, நம்பகமான ஒருவரிடம் திரும்பி வரும் திகதியையும் கடவுச்சீட்டின் பிரதியையும் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். அதேசமயம் நம்பிக்கையைப் பறிக்காதீர்கள். நல்லூரானைக் கும்பிட்டுக்கொண்டே இதையும் சுமப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் அவருடையது.

ஆபத்து

அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, துணையின் வன்முறைக்கோ பின்தொடர்தலுக்கோ வாழ்நாளில் ஆளானவர்கள் இருபாலீர்ப்புள்ள பெண்களில் 61 வீதம். பெண்களை மட்டும் நேசிப்பவர்களில் 44, ஆண்களை மட்டும் நேசிப்பவர்களில் 35. எனவே வன்முறை பற்றி எல்லாரிடமும், தனியாக வைத்துக் கேளுங்கள். கணவனோ காதலியோ பக்கத்து அறையில் இருந்தாலும் கேட்காதீர்கள். “அடிக்கிறவரோ?” என்று மட்டும் கேட்டால் போதாது. “வீட்டுக்குச் சொல்லிப்போடுவன் என்று வெருட்டுறவையோ?” என்றும் கேளுங்கள். எங்கள் பெண்களை அடக்கி வைக்கும் பெரிய ஆயுதம் அதுதான்.

கணவன் ஸ்பொன்சர் செய்து வந்த பெண்கள் பலர், இரண்டு வருடம் சேர்ந்து இருக்காவிட்டால் நிரந்தர வதிவுரிமை போய்விடும் என்று இன்னமும் நம்புகிறார்கள். அந்த நிபந்தனை 2017இல் நீக்கப்பட்டுவிட்டது. விண்ணப்பம் இன்னும் முடியாமல் இருந்தால் கதை வேறு, உடனே சட்ட உதவிக்கு அனுப்புங்கள்.

“சாகவேணும் போல கிடக்கு” என்று எங்கள் சனம் சாதாரணமாகவே சொல்லும். அதைப் பேச்சுவழக்கு என்று விட்டுவிடாதீர்கள். “உண்மையாகவே செத்துப்போக நினைச்சனீங்களோ? எப்படி என்று யோசிச்சனீங்களோ?” என்று நேரே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வராது. 988 என்ற இலக்கம் 2023 நவம்பர் 30 முதல் கனடா முழுவதும் இயங்குகிறது. அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம், ஆனால் ஆங்கிலமும் பிரெஞ்சும்தான். தாய், “நான் மருந்து குடிச்சுச் சாவன்” என்று சொன்னால் அதையும் இலேசாக எடுக்காதீர்கள். அம்மாவுக்கு உதவி தேடிக் கொடுக்கலாம், ஆனால் அம்மாவின் உயிருக்கு மகள் மட்டும் பொறுப்பு இல்லை என்பதை அவளோடு திரும்பத் திரும்பக் கதைக்க வேண்டியிருக்கும்.

சில பெண்கள் இடையில் காணாமல் போவார்கள். நிச்சயம் முடிந்திருக்கலாம், கைத்தொலைபேசி பறிபோயிருக்கலாம், அல்லது இப்போதைக்குப் போதும் என்று நினைத்திருக்கலாம். ஒரே ஒரு செய்தி, அதுவும் முன்பே பேசி வைத்த வசனத்தில் மட்டும் அனுப்புங்கள். துரத்தாதீர்கள். அவருடைய கோப்பை ஒழுங்காகப் பூட்டி வையுங்கள். ஒன்றரை வருடம் கழித்து, தெரியாத இலக்கத்தில் இருந்து ஒரு மாலை எனக்கு அழைப்பு வந்தது. பெயர் சொல்லவில்லை. பின்னால் ஒரு குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது.

“அக்கா, அந்த ரிப்போர்ட்டை அனுப்பிறன் என்று சொன்ன ஆள் கதைக்கிறன். வியாழக்கிழமை நேரம் இருக்கோ?”